இணையவழிப் பழகுநர் உரிமமும் ஓட்டுநர் கல்வியும்

இணையவழிப் பழகுநர் உரிமம் என்பது, முதன்முறையாக வாகனம் ஓட்டக் கற்கும் ஒருவர் இணையம் வழியாக விண்ணப்பித்து, சாலைப் பாதுகாப்புப் பாடத்தைக் கண்டு, முதனிலைத் தேர்வை எழுதிப் பெறும் கற்றல் அனுமதியாகும். பேச்சு வழக்கில் இது எல்.எல்.ஆர். எனப்படுகிறது. இந்தியாவில் இணையத்திலேயே தொடங்கி முடியக்கூடியது இந்த முதற்படி மட்டுமே. வண்டியை ஓட்டிக் காட்டாமல் முழு ஓட்டுநர் உரிமம் பெற வழியில்லை.

இக்கட்டுரை தாம்பரத்தையும் சென்னையின் தென்புறநகரையும் முன்வைத்து எழுதப்பட்டது. வயது வந்தபின் முதன்முறையாக ஓட்டப் பழகுவோருக்கு இணையவழிக் கல்வி எதைக் கற்றுத் தருகிறது, எதை அவர்களிடமே விட்டுவிடுகிறது என்பதை இது விளக்குகிறது.

பெயர்

தமிழ்நாட்டு அரசு ஆவணங்களில் பழகுநர் உரிமம், ஓட்டுநர் உரிமம் என்ற சொற்கள் வழங்குகின்றன. இலங்கையில் ஓட்டுநரைச் சாரதி என்றும், உரிமத்தைச் சாரதி அனுமதிப்பத்திரம் என்றும் அழைப்பர். இந்தியாவில் ஓட்டுநர் உரிமங்களுக்கென தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய மென்பொருளின் பெயரும் 'சாரதி' என்பதே. வாகனப் பதிவுக்கான மென்பொருள் 'வாகன்' எனப்படுகிறது. பார்த்தனுக்குத் தேரோட்டியவனுக்குத் திருவல்லிக்கேணியில் கோயில் இருக்கும் ஊரில் இப்பெயருக்கு விளக்கம் தேவைப்படாது.

சட்டப் பின்னணி

இந்தியாவில் மோட்டார் வாகனங்களுக்கான சட்டம் முதலில் 1914-இலும், பின்னர் விரிவாக 1939-இலும் இயற்றப்பட்டது. இன்று நடைமுறையில் உள்ளது மோட்டார் வாகனச் சட்டம், 1988 ஆகும். இச்சட்டமும் இதன்கீழ் அமைந்த மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-உம் 1989 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தன. 2019-இல் இச்சட்டம் பெருமளவில் திருத்தப்பட்டது.

சட்டத்தின் 4-ஆம் பிரிவின்படி பொதுவாக 18 வயது நிறைந்தவரே பொது இடத்தில் மோட்டார் வாகனம் ஓட்டலாம். 50 கன சென்டிமீட்டருக்கு மேற்படாத பொறி கொண்ட இருசக்கர வாகனத்துக்கு 16 வயதும், போக்குவரத்து வாகனங்களுக்கு 20 வயதும் வரம்பாகும். பழகுநர் உரிமம் 6 மாதங்களுக்குச் செல்லும். அதைப் பெற்று 30 நாட்கள் கழிந்த பின்னரே ஓட்டுநர் தேர்வுக்குச் செல்ல முடியும். தாம்பரத்தில் பெற்ற பழகுநர் உரிமம் இந்தியா முழுவதும் செல்லுபடியாகும் என்பது 13-ஆம் பிரிவு.

உரிமம் இன்றி ஓட்டுவோருக்கான தண்டத்தொகை 2019 திருத்தத்துக்கு முன் 500 ரூபாயாக இருந்தது. இப்போது 5,000 ரூபாய். உரிமம் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்த உரிமையாளருக்கும் தனியே தண்டம் உண்டு. எனவே தம்பிக்கு அண்ணன் வண்டியைக் கொடுத்து "தெரு முனைவரை ஓட்டிப் பார்" என்பதும் சட்டத்தின் பார்வையில் குற்றமே.

இணையப் பாடமும் முதனிலைத் தேர்வும்

2021 மார்ச்சு 3-ஆம் நாள் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கை, ஆதார் வழியாகத் தம்மை உறுதிப்படுத்திக்கொள்வோர் 18 வகைச் சேவைகளை அலுவலகத்துக்குச் செல்லாமலே பெற வழிசெய்தது. பழகுநர் உரிமம் அவற்றுள் ஒன்று. தமிழ்நாட்டில் 2024 மார்ச்சு முதல் அரசு இ-சேவை மையங்கள் வழியாகவும் இதற்கு விண்ணப்பிக்க முடிகிறது. வீட்டில் கணினி இல்லாதவர்களுக்கு இது உதவியாக அமைந்தது.

விண்ணப்பத்துடன் உடற்தகுதி குறித்த தன்னுறுதிப் படிவமும் (படிவம் 1) தரப்பட வேண்டும். 40 வயதைக் கடந்தவர்கள் பதிவு பெற்ற மருத்துவரிடம் படிவம் 1-அ பெற வேண்டும். மத்திய விதிகளின்படி பழகுநர் உரிமத்துக்கு ஒவ்வொரு வாகன வகைக்கும் 150 ரூபாயும், முதனிலைத் தேர்வுக்கு 50 ரூபாயும் கட்டணம். மாநிலத்தின் சேவைக் கட்டணம் தனி.

வீட்டிலிருந்து தேர்வு எழுதுவோருக்கு, பரிவாகன் தளம் முதலில் சாலைப் பாதுகாப்புக் காணொளி ஒன்றைக் காட்டுகிறது. அதைப் பார்த்து முடித்த பிறகே வினாக்கள் திறக்கும். நம் நாட்டில் முதன்முறை ஓட்டுநருக்கு அரசு அளிக்கும் இணையவழிக் கல்வி இதுவே எனலாம். பலர் இதை ஓடவிட்டுவிட்டு வேறு வேலை பார்ப்பதுண்டு. பார்க்க வேண்டிய பாடமாக இதைக் கொள்வதே நல்லது.

தேர்வில் கேட்கப்பட வேண்டியவற்றை 11-ஆம் விதி வரையறுக்கிறது. போக்குவரத்துக் குறியீடுகளும் சைகைகளும், விபத்து நேர்ந்தால் ஓட்டுநரின் கடமைகள், காவலாளி இல்லாத இருப்புப்பாதைக் கடவையைக் கடக்கும்போது மேற்கொள்ள வேண்டிய எச்சரிக்கை, வண்டியில் வைத்திருக்க வேண்டிய ஆவணங்கள் ஆகியவை அவை. வினாக்களில் குறைந்தது 60 விழுக்காட்டுக்குச் சரியான விடை தர வேண்டும்.

குறியீடுகளைப் படிப்பதற்கு ஓர் எளிய வழி உண்டு. வட்டத்துள் இருப்பவை கட்டளைகள், மீறினால் குற்றம். முக்கோணத்துள் இருப்பவை எச்சரிக்கைகள். செவ்வகத்தில் இருப்பவை தகவல்கள். இம்மூன்றையும் வடிவத்தால் பிரித்துப் பழகியவருக்கு மனப்பாடம் செய்ய வேண்டியது பெரிதும் குறைந்துவிடும். பழைய வழிகாட்டி நூல்களைப் படிப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 1989-இன் சாலை விதி ஒழுங்குமுறைகளுக்கு மாற்றாக மோட்டார் வாகனம் ஓட்டுதல் ஒழுங்குமுறைகள், 2017 வந்துவிட்டன.

இத்தேர்வு சோதிப்பது நினைவாற்றலை மட்டுமே. பேருந்தின் பின்னாலிருந்து ஒருவர் சாலையைக் கடக்க வருவார் என்று முன்கூட்டியே உணரும் திறனை இது அளப்பதில்லை. இதில் முழு மதிப்பெண் பெற்றவரும் கிளட்சை ஒருமுறைகூட மிதித்திராதவராக இருக்கலாம்.

பயிற்சிப் பள்ளி கற்பிக்க வேண்டியவை

உரிமம் பெறப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் தனியார் கார், இருசக்கர வாகனம் ஓட்டுவோருக்கு இல்லை. உரிமம் உள்ள உறவினரிடமும் பழகலாம். ஆனால் பள்ளியில் சேர்ந்தால் அப்பள்ளி எதைக் கற்பிக்க வேண்டும் என்பதை 31-ஆம் விதி தெளிவாகச் சொல்கிறது. பணம் கட்டும் மாணவர்களில் பலர் இப்பாடத்திட்டம் இருப்பதையே அறிவதில்லை.

போக்குவரத்து அல்லாத வாகனங்களுக்கான பயிற்சி 21 நாட்களுக்குக் குறையக்கூடாது. அதில் மாணவர் தாமே ஓட்டும் நேரம் 10 மணிக்குக் குறையக்கூடாது. காலை நேரத்தில் ஒரே வண்டியில் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு, ஆளுக்குப் பத்து நிமிடம் ஓட்டக் கொடுத்தால், 21 நாட்களில் ஒருவருக்குக் கிடைப்பது மூன்றரை மணி நேரமே. பின்னிருக்கையில் அமர்ந்து வேடிக்கை பார்த்த நேரம் இக்கணக்கில் சேராது. பள்ளியில் சேருமுன் கட்டணத்தைக் கேட்பதோடு, "நான் ஓட்டும் நேரம் எத்தனை மணி?" என்றும் கேட்டுக்கொள்வது நலம்.

பாடத்திட்டத்தின் முதற்பகுதி ஓட்டுதல் கோட்பாடு. வண்டியில் ஏறுமுன் பார்க்க வேண்டியவை, பிற சாலைப் பயனரின் போக்கை முன்னுணர்தல், சந்திப்புகளில் 'கண்ணாடி, சைகை, நகர்வு' என்ற வரிசை, முந்துதல், பின்னோக்கிச் செலுத்துதல், ஏற்றத்திலும் இறக்கத்திலும் நிறுத்துதல் ஆகியவை இதில் அடங்கும். பொறுமையின்மை, மிகைநம்பிக்கை, பிறரிடம் நாகரிகம் ஆகியவையும் பாடங்களாகவே இடம்பெற்றுள்ளன. மருத்துவ ஊர்திக்கும் தீயணைப்பு வண்டிக்கும் வழிவிடுதல் தனித் தலைப்பாக உள்ளது.

பயிற்றுநருக்கும் தகுதி வகுக்கப்பட்டுள்ளது. அவர் குறைந்தது பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும், ஐந்து ஆண்டுகள் ஓட்டிய அனுபவமும், மோட்டார் இயந்திரவியலில் சான்றிதழும் பெற்றிருக்க வேண்டும். பயிற்சிக் கார்களில் பயிற்றுநரின் பக்கமும் வண்டியைக் கட்டுப்படுத்தும் மிதிகள் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். (இந்திய வான்படையின் விமானப் பயிற்றுநர் பள்ளி தாம்பரத்தில்தான் உள்ளது. வானில் ஓட்டக் கற்றுத்தருவோருக்குக் கற்றுத்தரும் ஊரில், தரையில் கற்றுத்தருவோரின் தகுதியைப் பெரும்பாலும் யாரும் விசாரிப்பதில்லை.)

இவ்வகைப் பள்ளிகளிலிருந்து வேறானவை ஏற்பளிக்கப்பட்ட ஓட்டுநர் பயிற்சி மையங்கள். இவற்றுக்கான விதிகள் 2021 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தன. இலகுரக வாகனத்துக்கு அங்கே 29 மணி நேரப் பாடம். அதில் 8 மணி கோட்பாடு, 21 மணி செய்முறை. நான்கு வாரங்களுக்குள் இதனை முடிக்க வேண்டும். இலகுரக வாகன மையத்துக்கு ஒரு ஏக்கர் நிலமாவது தேவை. இம்மையத்தில் பயின்று அங்கு நடக்கும் தேர்வில் வென்றவருக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் செய்முறைத் தேர்விலிருந்து விலக்கு உண்டு. 2024 சூன் 1 முதல் யாருக்கும் அலுவலகத் தேர்வு இல்லை, எந்தப் பள்ளியின் சான்றும் போதும் என்று ஒரு செய்தி பரவியது. விதிகளில் மாற்றம் எதுவும் இல்லை என்று அமைச்சகம் அப்போதே விளக்கமளித்தது.

தென்சென்னைப் புறநகரில் பழகுதல்

தாம்பரம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் குறியீடு டி.என். 11. அருகிலுள்ள மீனம்பாக்கத்தின் குறியீடு 22, செங்கல்பட்டின் குறியீடு 19, சோழிங்கநல்லூரின் குறியீடு 14. 2019 திருத்தத்துக்குப் பிறகு மாநிலத்துக்குள் எந்த உரிம அதிகாரியிடமும் விண்ணப்பிக்கச் சட்டம் இடமளிக்கிறது.

இப்பகுதியில் பழகுவதில் ஒரு தனி இடர் உண்டு. சேலையூர், மாடம்பாக்கம், கிழக்குத் தாம்பரம் ஆகிய இடங்களின் குடியிருப்புத் தெருக்கள் பழக ஏற்றவை. ஆனால் அத்தெருக்களிலிருந்து வெளிவந்தால், இடைநிலைச் சாலை என எதுவும் இன்றி, நேரே ஜி.எஸ்.டி. சாலையிலோ வேளச்சேரிச் சாலையிலோ முடிச்சூர்ச் சாலையிலோதான் சேர வேண்டியுள்ளது. 20 கிலோமீட்டர் வேகத்தில் பழகியவர் அடுத்த நிமிடமே தொலைதூரப் பேருந்துகளுக்கும் சரக்குந்துகளுக்கும் இடையே வண்டியைச் செலுத்த வேண்டும். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 திசம்பர் 30-இல் திறக்கப்பட்ட பின், வண்டலூர், பெருங்களத்தூர் பகுதிகளில் பயணிகளைத் தேடி நிற்கும் ஆட்டோக்களும், சாலையைக் கடக்கும் மக்களும் கவனத்துக்குரியவர்கள் ஆயினர். பெருங்களத்தூரில் தொடங்கும் சென்னைப் புறவழிச்சாலையைப் பழகுநர்கள் தொடக்க வாரங்களில் தவிர்ப்பதே அறிவுடைமை.

வேகத்தின் பொருளைக் காணொளி எண்ணாகச் சொல்லும். சாலையில் அதை நீளமாகக் காண வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. ஆபத்தைக் கண்டு கால் நிறுத்துமிதியை அடைய ஒன்றரை நொடி ஆகுமெனில், வண்டி வேகம் குறையாமலே 25 மீட்டர் சென்றுவிடும். அதன்பின் உலர்ந்த சாலையில் நிற்க இன்னும் 20 மீட்டர் வேண்டும். ஆக மொத்தம் 45 மீட்டர். ஈரச்சாலையில் இது மேலும் கூடும். சாலையோரத்தில் இவ்வளவு தொலைவை ஒருமுறை நடந்து அளந்து பார்த்தவர் முன்செல்லும் வண்டியை ஒட்டிச் செல்லத் தயங்குவார்.

மழைக்காலம் இப்புறநகரின் மற்றொரு பாடம். 2015 திசம்பர் வெள்ளத்தில் அடையாற்றை ஒட்டிய முடிச்சூரும் வரதராசபுரமும் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய சாலைகளிலும் பெருமழையில் நீர் தேங்குவதுண்டு. தேங்கிய நீரில் பள்ளமும் திறந்த வடிகாலும் தெரியா. நீரின் ஆழம் தெரியாத இடத்தில் திரும்பிவிடுவதும், கடந்துவந்த பின் நிறுத்துமிதியை மெல்ல அழுத்தி ஈரத்தைப் போக்குவதும் உள்ளூர் ஓட்டுநர்கள் அனுபவத்தில் கற்றவை.

வயதுவந்த பழகுநர் எதுவும் தெரியாதவராக வருவதில்லை. பல ஆண்டுகள் இருசக்கர வாகனம் ஓட்டியவர், காரிலும் அதே இடைவெளியில் நுழையப் பார்ப்பார். காரின் இடப்பக்க அகலத்தை அவர் கண் இன்னும் அறிந்திராது. பேருந்திலும் மின்தொடர் வண்டியிலும் மட்டும் சென்றவருக்கோ எதிர்மாறாக, சாலையின் எல்லா ஒலிகளும் தம்மை நோக்கியே எழுவதாகத் தோன்றும். முன்னவர் பழக்கத்தை விட வேண்டும்; பின்னவர் அச்சத்தை விட வேண்டும். இருவருக்கும் ஒரே காணொளிதான் காட்டப்படுகிறது.

பழகுநரின் கடமைகளும் காப்பீடும்

3-ஆம் விதி பழகுநருக்கு மூன்று கட்டுப்பாடுகளை விதிக்கிறது. செல்லுபடியாகும் பழகுநர் உரிமம் கையில் இருக்க வேண்டும். அவ்வகை வண்டிக்கு உரிமம் பெற்ற ஒருவர், வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ இயலும் இடத்தில் உடன் அமர்ந்திருக்க வேண்டும். வண்டியின் முன்னும் பின்னும் வெண்ணிறப் பின்னணியில் சிவப்பு நிற 'எல்' எழுத்து இருக்க வேண்டும். அப்பலகை 18 சென்டிமீட்டர் சதுரத்துக்கும், எழுத்து 10 சென்டிமீட்டர் உயரத்துக்கும் குறையக்கூடாது. இருசக்கர வாகனத்தில் பழகுபவர், கற்றுத்தருபவரைத் தவிர வேறு எவரையும் ஏற்றக்கூடாது. தலைக்கவசம் இருவருக்கும் கட்டாயம்.

இணையத்தில் உரிமம் கிடைத்த அன்றே தனியாக வண்டியை எடுத்துச் செல்வோர் பலர். இதன் விளைவு தண்டத்தொகையோடு நிற்பதில்லை. வழக்கமான மோட்டார் காப்பீட்டு ஆவணத்தின் ஓட்டுநர் பற்றிய பகுதி, பழகுநர் 3-ஆம் விதியை நிறைவு செய்திருந்தால் அவரும் ஓட்டலாம் என்றே கூறுகிறது. உடன் எவரும் இல்லாமல் ஓட்டி விபத்து நேர்ந்தால் இந்நிபந்தனை உடைகிறது.

இந்திய உச்ச நீதிமன்றம் 2004 சனவரியில் தேசிய காப்பீட்டு நிறுவனத்துக்கும் சுவரண் சிங்குக்கும் இடையிலான வழக்கில், பழகுநர் உரிமமும் முறையான உரிமமே என்று தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்ட மூன்றாம் தரப்பினருக்குக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு வழங்க வேண்டும் என்பதும், உரிய நேர்வுகளில் அத்தொகையை வாகன உரிமையாளரிடமிருந்து திரும்பப் பெறலாம் என்பதும் அத்தீர்ப்பின் சாரம். அடிபட்டவருக்கு இது காப்பு. நிபந்தனையை மீறிய குடும்பத்துக்கோ, பல இலட்ச ரூபாய் கடனாக மாறக்கூடிய ஒன்று.

இதன் கனத்தை எண்களில் காணலாம். 2022-இல் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துகள் நிகழ்ந்தன. 1,68,491 பேர் இறந்தனர். மாநிலங்களுள் மிகுதியான விபத்துகள் பதிவானது தமிழ்நாட்டில்: 64,105. இறந்தோர் 17,884 பேர்.

செய்முறைத் தேர்வு

30 நாட்கள் முடிந்து, பழகுநர் உரிமத்தின் காலம் தீருமுன், தேர்வுக்கு நாள் பதிவு செய்ய வேண்டும். இதையும் இணையத்தில் செய்யலாம். ஆனால் தேர்வுக்கு நேரில் செல்ல வேண்டும். ஒவ்வொரு வாகன வகைக்கும் தேர்வுக் கட்டணம் 300 ரூபாய். உரிமக் கட்டணம் 200 ரூபாய். மோட்டார் வாகன ஆய்வாளர் தேர்வை நடத்துவார்.

இருசக்கர வாகனத் தேர்வு தமிழ்நாட்டில் 'எட்டு போடுதல்' என்றே அறியப்படுகிறது. காலைத் தரையில் ஊன்றாமல் எட்டு வடிவில் ஓட்டிக் காட்டுவது, குறைந்த வேகத்தில் சமநிலையைச் சோதிக்கிறது. எட்டு போடத் தெரிவது வேறு, காமராசபுரத்திலிருந்து மேடவாக்கம் கூட்டுச்சாலை வரை மாலை நேரத்தில் செல்லத் தெரிவது வேறு. காருக்கு வண்டியை நகர்த்தல், பற்சக்கரம் மாற்றுதல், பின்னோக்கிச் செலுத்துதல், ஏற்றத்தில் நின்று புறப்படுதல் முதலியன பார்க்கப்படும்.

மூன்று முறை தோற்றவர் 60 நாட்கள் கழித்தே மீண்டும் தேர்வுக்கு வரலாம். அவர் பயிற்சிப் பள்ளியில் சீர்திருத்தப் பயிற்சி ஒன்றையும் முடிக்க வேண்டும் என்பது 2019 திருத்தம் சேர்த்தது. தனியார் வாகனம் ஓட்டுவோருக்குச் சட்டம் பயிற்சியைக் கட்டாயமாக்கும் இடம், விந்தையாக, மூன்றாம் தோல்விக்குப் பின்னரே வருகிறது.

வென்றவரின் உரிமத்தை டிஜிலாக்கர், எம்-பரிவாகன் செயலிகளில் காட்டினாலும் போதுமானது. 30 வயதுக்குள் பெற்ற உரிமம் 40 வயது நிறையும்வரை செல்லும். 30 முதல் 50 வயதுக்குள் பெற்றால் பத்து ஆண்டுகளுக்கு.

பிற நாடுகளில்

முதன்முறை ஓட்டும் பெரியவர்களுக்கெனத் தனி இணையப் பாடநெறி உள்ள இடங்களுள் அமெரிக்காவின் டெக்சசு மாநிலம் குறிப்பிடத்தக்கது. அங்கே 2010 முதல், 18 முதல் 24 வயதுக்குட்பட்ட புதிய விண்ணப்பதாரர்கள் 6 மணி நேர ஓட்டுநர் கல்வியை முடிக்க வேண்டும். இதை இணையத்திலேயே படிக்கலாம். 25 வயதைக் கடந்தவருக்குக் கட்டாயமில்லை. சாலையில் ஓட்டிக் காட்டும் தேர்வு அங்கும் தனியே உண்டு. ஐக்கிய இராச்சியத்தில் பாடநெறி கட்டாயமில்லை. 1996-இல் கோட்பாட்டுத் தேர்வும், 2002-இல் இடருணர் தேர்வும் சேர்க்கப்பட்டன. இடருணர் தேர்வில் சாலைக் காட்சிகள் ஓடும்போது, ஆபத்து உருவாகத் தொடங்கும் கணத்திலேயே தேர்வர் அதைச் சுட்ட வேண்டும். பழைய மாமல்லபுரம் சாலையின் மென்பொருள் நிறுவனங்களிலிருந்து இந்நாடுகளுக்குச் செல்வோர், இந்திய உரிமம் இருந்தும் அங்கே இத்தேர்வுகளுக்குப் புதிதாகப் படிக்க நேர்கிறது.